பீவருக்கு நெய்த மூன்று அணைகள்

ஸ்காட்லாந்தில் நான் முதலில் பார்த்த பீவர் செத்துக் கிடந்தது. வாய்க்கால் கரைப் புல்லில் யாரோ ஈரச் சாக்குமூட்டையைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். குனிந்து பார்த்தபோது வால் தெரிந்தது. துடுப்பு மாதிரி பட்டையாக, மயிரில்லாமல், செதில் செதிலாக. முன்பற்கள் வெற்றிலைக் கறை பிடித்தவை போலச் சிவந்திருந்தன.

"இன்னா மச்சான் இது, பெருச்சாளியா?" என்றான் தண்டபாணி, நாலடி தள்ளி நின்றுகொண்டு. "நம்ம மார்க்கெட் பெருச்சாளி அஞ்சாறு சேந்தாலும் இத்தினி வராது."

பீவர் என்று பெயர் மட்டும் எனக்குத் தெரியும். மற்றதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. நீர்நாய் வேறு, இது வேறு. நீர்நாய் மீன் தின்னும். இது பட்டையும் இலையும் தின்கிற பிராணி. மரத்தைப் பல்லால் கடித்துச் சாய்க்கும். கிளைகளை இழுத்துவந்து, சேற்றை அப்பி, ஓடையை மறித்து அணை கட்டும். அணைக்குப் பின்னால் தேங்கும் தண்ணீரில்தான் அதன் குடித்தனம். எங்கள் பண்ணை வாய்க்காலிலும் அப்படிக் கட்டியிருந்தது. தேங்கிய தண்ணீர் பக்கத்து உருளைக்கிழங்கு வயலில் ஏறிவிட்டது. அதனால் முதலாளி கிரெய்க் சுட்டுவிட்டார். திருட்டுத்தனமாக இல்லை, சுடலாம் என்று அரசாங்கம் கொடுத்த தாள் அவரிடம் இருந்தது.

பொக்லைன் வந்து அணையை இழுத்துப் போட்டது. சிதறிய கிளைகளை அள்ளி வண்டியில் ஏற்றும் வேலை எங்களுக்கு. முதுகு விட்டுப்போனது. மறுநாள் காலை பார்த்தால் அதே இடத்தில் பாதி அணை எழுந்து நின்றது. செத்தது ஒன்று, அதன் வீட்டார் இன்னும் உள்ளே இருந்தார்கள்.

தண்டபாணி என் தங்கை வசந்தாவின் கணவன். காஞ்சிபுரத்தில் பட்டுத்தறி போட்டு நெய்கிறவன். நானும் அதே தெருவில் தறிச் சத்தத்தில் பிறந்தவன்தான். ஆனால் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் ஒரு வருடத்தோடு தறியும் எனக்குச் சலித்துவிட்டன. சிங்கப்பூரில் பாத்திரம் கழுவினேன், துபாயில் கம்பி கட்டினேன், ஒரு சரக்குக் கப்பலில் சமையல்கட்டில் இருந்தேன். இந்தமுறை பழம் பறிக்கும் வேலை, ஆறு மாதம். தண்டபாணி திருப்பதிக்கு வடக்கே போனதில்லை. ஒருமுறையாவது விமானம் ஏறிப் பார்க்கிறேன் என்று கூட வந்தான். "போய்ட்டு வாங்க, தறிய நான் பாத்துக்கறேன். உங்கள விட நான் நல்லாத்தான் நெய்வேன்" என்று சொல்லித்தான் வசந்தா பஸ் ஏற்றிவிட்டாள். அது பொய்யும் இல்லை.

நாங்கள் இருந்தது ஒரு பழைய கேரவன் வண்டி. சக்கரம் கழற்றி செங்கல் மேல் நிறுத்தியது. மழை பெய்தால் என் படுக்கையில் ஒழுகும், பெய்யாவிட்டால் குளிரும். காலையிலிருந்து சாயங்காலம் வரை பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் குனிந்தபடி ஸ்ட்ராபெரி பறிக்க வேண்டும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. துபாயை விட இது தேவலை.

சாப்பாடு நாங்களே செய்துகொண்டோம். தண்டபாணி மிளகு, சுக்கு, சீரகம் எல்லாம் பொட்டலம் கட்டி எடுத்து வந்திருந்தான். உளுந்தும் அரிசியும் ஊறவைத்து, கேரவனில் இருந்த மிக்சியில் அரைத்து, காபிக் கோப்பையில் ஊற்றி மைக்ரோவேவில் எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் இட்லி செய்தான். குளிருக்கு மாவு மூன்று நாளாகியும் புளிக்கவில்லை. வெந்து வந்தது செங்கல் மாதிரி இருந்தது. "பெருமாளு மன்னிச்சுக்குவாரு" என்று சொல்லிவிட்டு அவனே முதலில் கடித்தான்.

அடுத்த வாரம் மோரக் வந்தாள். ஐம்பது வயதிருக்கும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தலையில் கம்பளித் தொப்பி, முகமெல்லாம் வெயிலும் காற்றும். அந்தப் பக்கத்து ஓடைகளுக்காக வேலை செய்யும் சின்னச் சங்கம் ஒன்றின் ஆள். கொட்டகை வாசலில் அவளும் கிரெய்க்கும் பேசிக்கொண்டது எனக்குக் கேட்டது.

"இன்னும் நான்கு இருக்கின்றன. ஆண், பெண், இந்த வருடத்துக் குட்டி இரண்டு. சுடாதே, நான் பிடித்துக்கொண்டு போகிறேன்" என்றாள் மோரக்.

"போன வருடமும்தான் ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனாய். இரண்டு வாரத்தில் திரும்பி வந்துவிட்டது. ஆறு மேலிருந்து கீழேதானே ஓடுகிறது."

"அங்கே மூழ்கி ஒளிய ஆழமில்லை. பயந்துபோய் இறங்கி வந்துவிட்டது. இந்தமுறை முதலில் குளம் செய்துவிட்டு அப்புறம் விடுகிறேன்."

கிரெய்க் வயல் பக்கம் திரும்பிப் பார்த்தார். "செப்டம்பர் முடிகிறவரை பொறுக்கிறேன். அதற்குப் பிறகு என் வாய்க்காலில் எது நீந்தினாலும் சுடுவேன். என் கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகுகிறது, மோரக்."

கெட்ட மனிதர் இல்லை. அந்த வயலில் நானும் இறங்கியிருக்கிறேன். காலை வைத்தால் கெண்டைக்கால் வரை போகும். நாற்றம் அடிக்கும்.

மோரக்குக்கு ஆள் வேண்டியிருந்தது. பழம் பறிப்பு குறைந்த நாட்களில் எங்கள் இருவரையும் அனுப்பச் சம்மதித்தார் கிரெய்க். அவருக்கும் அந்தக் குடும்பம் தொலைந்தால் போதும்.

முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு அந்த ஊரில் பஸ் கிடையாது என்பது நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் நின்ற பிறகுதான் தெரிந்தது. நாயோடு நடந்துபோன ஒரு கிழவர் சொன்னார்: "நாளைக்கு வரும். நிற்பதென்றால் நில்லுங்கள்." சிரிக்காமல் சொன்னார். மோரக்குக்குப் போன் செய்தோம். அவளே வேனில் வந்து ஏற்றிக்கொண்டாள். வேனின் தரையில் ஓட்டை. சாலை ஓடுவது காலுக்கடியில் தெரிந்தது.

வேன் நிறைய வில்லோ கிளை. நம் ஊர் நொச்சி மாதிரி ஒடியாமல் வளையும். மலையடிவாரத்தில் ஒரு கேட்டுக்குள் நுழையும்போது இரண்டு பக்கமும் கிளைகள் மாட்டிக்கொண்டு வேன் நின்றுவிட்டது. தண்டபாணி இறங்கி, முன்னால் போய் நின்று கையைக் காட்டினான். "லெப்ட்ல ஒடி, லெப்ட்ல ஒடி, அப்டியே வா வா வா, போதும் போதும்." ஒரு வார்த்தை புரியாமலே மோரக் அதன்படி ஓட்டி வெளியே எடுத்துவிட்டாள். அன்றிலிருந்து அவர்கள் இருவருக்கும் இடையில் நான் மொழிபெயர்ப்பது குறைந்துபோனது.

ஓடை சின்னதுதான். நாலு எட்டில் தாண்டலாம். ஆனால் ஸ்கேல் வைத்துக் கிழித்தது மாதிரி நேராக ஓடியது. பழைய காலத்தில் நிலத்தைக் காய வைப்பதற்காக நேராக வெட்டிவிட்டார்களாம். கரையில் மரம் இல்லை. மழை பெய்தால் தண்ணீர் நிற்காமல் இறங்கிக் கீழே இருக்கும் வீடுகளுக்குள் போய்விடும். மழை விட்டால் ஓடை வற்றிவிடும். பீவர் வந்தால் தண்ணீரைப் படி படியாக நிறுத்தும், வண்டல் படியும், தவளையும் மீனும் சேரும், கோடையிலும் பூமியில் ஈரம் இருக்கும் என்றாள் மோரக். அந்த நிலத்துக்காரர் அதற்காகத்தான் பீவரைக் கேட்டு வாங்குகிறார். கீழே வயலில் திருடன். மேலே மலையில் கொத்தனார்.

எனக்குப் பாலாறு ஞாபகம் வந்தது. நான் பிறந்ததிலிருந்து பாலாறு என்றால் பாலம், மணல், முள்செடி, அவ்வளவுதான். அந்த மணலும் இப்போது இல்லை. வெள்ளம் வந்தால் டி.வி.யில் காட்டுவார்கள், ஜனங்கள் பாலத்தின் மேல் நின்று செல்ஃபி எடுப்பார்கள், நாலு நாளில் கடலுக்குப் போய்விடும். அதைப் பிடித்து நிறுத்த ஒரு பிராணியும் நம்மிடம் இல்லை.

மோரக்கின் வேலைமுறை எளிது. ஓடைக்குக் குறுக்கே சாண் சாண் இடைவெளியில் முளைகளை அடித்து இறக்க வேண்டும். முளைகளுக்கு நடுவே வில்லோ கிளையை முன்னும் பின்னுமாக விட்டு இழுக்க வேண்டும். அடியில் கல்லும் சேறும். பீவர் கட்டுவதைப் பார்த்து மனிதன் கட்டும் அணை. இப்படி வரிசையாக மூன்று. பின்னால் குளம் தேங்கினால், கொண்டுவந்து விடும் பீவர்கள் பயப்படாமல் அங்கேயே தங்கும். அப்புறம் அவை தம் இஷ்டத்துக்குக் கட்டிக்கொள்ளும். படங்களில் பார்த்திருக்கிறாளாம். கையால் செய்வது அவளுக்கும் முதல் தடவை.

முதல் வரிசை முளைகள் நின்றதும் தண்டபாணி தண்ணீரில் நின்றபடியே அதைப் பார்த்தான்.

"பாவு ஓட்டி வெச்ச மாதிரியே இருக்குது மச்சான்."

"ஆமா. நீ ஊடைய வுடு" என்றேன். தறியில் நெட்டுக்கு நிற்கும் இழை பாவு, குறுக்கே ஓடுவது ஊடை.

அதற்கப்புறம் அவனைப் பிடிக்க முடியவில்லை. கிளையை ஒரு முளைக்கு முன்னால், அடுத்ததற்குப் பின்னால் என்று தறியில் நாடா விடுகிற வேகத்தில் ஓட்டினான். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் ஒரு பலகைத் துண்டால் அடித்து இறுக்கினான். தறியில் ஊடையை அடிக்கிற அதே தட்டு. நுனி வெளியே நீட்டினால் உள்ளே மடக்கிச் செருகினான். ஓடைக்கரை ஓரத்தில், சேலையின் உடலோடு கரையைக் கோர்வை சேர்ப்பது மாதிரி முளையோடு முடிந்தான்.

மோரக் வந்து பார்த்தாள். "இவ்வளவு இறுக்கம் வேண்டாம். தண்ணீர் கசிய வேண்டும் என்று சொல்" என்றாள்.

சொன்னேன். தண்டபாணிக்குத் தெளிவாகப் புரிந்தது. ஆனால் நம்பவில்லை. "கூலிக்காரன்தானேன்னு சொல்லுது. அர்ஜென்ட்டா முடிக்கணும்ல, அதான். அணைன்னா தண்ணி நிக்கணும் மச்சான். ஓட்ட ஒடிசலா போட்டா எங்கப்பன் கைய ஒடச்சிருப்பான்."

அதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. அணை அவ்வளவு அழகாக இருந்தது. அவளும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. செல்போனில் படம் எடுத்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பட்டின் முன்னால் கல்யாண வீட்டார் வாயடைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். வில்லோவுக்கும் அப்படி நடக்கும் என்று தெரியாது.

மத்தியானம் அவள் கொடுத்தது ஓட்ஸ் தட்டையும் பாலாடைக்கட்டியும். தட்டையில் தவிட்டு வாசம் அடித்தது. எங்கள் எலுமிச்சஞ்சோற்றை அவள் கேட்டு வாங்கித் தின்றாள். மோர்மிளகாயைக் கடித்துவிட்டு ஓடையில் முகத்தை வைத்துத் தண்ணீர் குடித்தாள்.

இரண்டாவது அணை அடுத்த புதன்கிழமை முடிந்தது. அது முதலாவதை விட இறுக்கம். பின்னால் இடுப்பளவு தண்ணீர் தேங்கி, அதில் மேகம் தெரிந்தது. தண்டபாணி ஒரு பீடி பற்றவைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இதற்குள் கீழே கூண்டு வைத்து நான்கையும் பிடித்துவிட்டாள் மோரக். ஆப்பிளுக்கு ஆசைப்பட்டு உள்ளே வந்தனவாம். மருத்துவர் பார்த்து முடிக்கும்வரை ஒரு கொட்டகையில் வைத்திருந்தார்கள். வெகுநாள் வைக்க முடியாது, குட்டிகள் தின்ன மறுக்கின்றன என்றாள். மூன்றாவது அணையை உடனே கட்டியாக வேண்டும்.

நாங்கள் போன அந்த வெள்ளிக்கிழமை அமாவாசை. கேரவனில் ஆணியடித்து மாட்டியிருந்த தினசரிக் காலண்டரில் காலையிலேயே தண்டபாணி பார்த்துவிட்டான். முளை அடித்துக் கொடுத்தான். கிளையைத் தொடவில்லை.

"இன்னிக்கு நெய்ய மாட்டேன்" என்றான்.

"யோவ் மாப்ளே, இது தறியா?"

"பாவு நிக்குது, ஊடை ஓட்டறேன். வேற இன்னா பேரு இதுக்கு? நம்ம தெருவுல அமாவாசைக்கு ஒரு தறி சத்தம் கேட்டிருக்கியா நீ?"

"இங்க தெருவே இல்லியேப்பா. அதுங்க நாலும் கூண்டுல பட்டினி கெடக்குது."

"கல்லு தூக்கறேன். மண்ணு அள்ளறேன். எவ்ளோ வேணா சொல்லு. நெய்ய மட்டும் கேக்காத."

மோரக்கிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்து, நிலா இல்லாத நாளில் இவன் நெய்யமாட்டான் என்று மட்டும் சொன்னேன். அவள் அவனை ஒரு முறை பார்த்தாள். "எங்கள் மீனவர்களிடமும் இப்படி ஏதாவது இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தானே தண்ணீரில் இறங்கினாள். நானும் இறங்கினேன். எனக்குத் தறி ஒரு வருடப் பழக்கம். அவளுக்கு அதுவும் இல்லை. கிளைகளைக் கற்றையாக முளைகளுக்கு நடுவே திணித்தோம். இலையோடு, நுனியோடு, குறுக்கும் நெடுக்கும். தண்டபாணி கரையிலிருந்து புல்கட்டியும் சேறும் கல்லும் சுமந்துவந்து கொடுத்தான். ஒவ்வொரு நடைக்கும் எங்கள் வேலையைப் பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"குருவிக்கூடு கூட இத விட ஒழுங்கா இருக்கும். நாளைக்கு வந்து நான் பிரிச்சுட்டுச் சரியா போடறேன்."

அன்றிரவு மழை. விடியும்வரை நிற்கவில்லை. காலையில் மோரக் வந்து எங்களை ஏற்றிக்கொண்டபோது அவள் முகம் சரியில்லை. வழியில் சாலையின் குறுக்கே தண்ணீர். வேன் ஓட்டை வழியாக அது உள்ளேயும் வந்தது. வேனை விட்டுவிட்டு இரண்டு மைல் நடந்துபோனோம்.

முதல் அணை அப்படியே நின்றது. ஒரு கிளை பிரியவில்லை. தண்ணீர் மட்டும் அதில் இல்லை. வழி கிடைக்காத வெள்ளம் இடதுபக்கக் கரையை ஒரு மாட்டுவண்டி அகலத்துக்கு அறுத்துக்கொண்டு அணையைச் சுற்றிப் போயிருந்தது. புதுச் சேலையை உதறிப் பிடித்தது மாதிரி, வெறும் தரையில், அந்த அணை தனியாக நின்றது. இரண்டாவதில் தண்ணீர் அடியில் தோண்டியிருந்தது. முழு அணையும் ஒரு பலகை போல முன்னால் சாய்ந்து கிடந்தது.

மூன்றாவதுக்குப் போகவே பயமாக இருந்தது. போனோம். நூறு இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. இலை வழியாக, கல் வழியாக, மேலே வழிந்து, நடுவில் பீய்ச்சி. பின்னால் குளம் நிறைந்து மார்பளவு தண்ணீர். கரையில் ஒரு கீறல் இல்லை.

தண்டபாணி தண்ணீரில் இறங்கி, ஒழுகும் இடம் ஒவ்வொன்றிலும் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே அந்தக் கரைக்குப் போனான். திரும்பி வந்தான்.

"கலங்கல் வெக்காம ஏரி கட்டிட்டேன் மச்சான்" என்றான்.

தென்னேரி ஏரிக்குப் போனவர்களுக்குத் தெரியும். எவ்வளவு பெரிய கரையாக இருந்தாலும் மிஞ்சிய தண்ணீர் போக ஓரிடத்தில் கலங்கல் விட்டிருப்பார்கள். நாங்கள் இருவரும் அதில் குளித்து வளர்ந்தவர்கள். ஆயிரம் ஏரி உள்ள ஜில்லாவிலிருந்து போய், ஓடைக்குச் சேலை நெய்து கட்டினோம். பீவர் அணை முழுக்கவே கலங்கல் என்று மோரக் அன்று மறுபடியும் சொன்னாள். இந்தமுறை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த நான்கு நாளும் பழம் பறித்து முடித்துவிட்டு, பாக்கி வெளிச்சத்தில் மேலே போனோம். அறுந்த கரையில் கல் அடுக்கினோம். சாய்ந்த அணையை நிமிர்த்தினோம். தண்டபாணி தன் நெசவில் மூன்றுக்கு ஒரு கிளையாக உருவினான். அவன் அதைச் செய்வதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. உருவிய இடத்தில் அவன் கை தானாகவே போய்ப் பக்கத்துக் கிளையை நகர்த்தி ஓட்டையை அடைக்கும். பிறகு அதை அவனே விலக்குவான்.

"கை கேக்கல மச்சான். வுடுன்னா வுட மாட்டேங்குது."

ஐந்தாம் நாள் சாயங்காலம் கூண்டுகள் வந்தன. வெளிச்சம் இருக்கும்போதே திறந்தோம். குட்டிகள் இரண்டும் நாய்க்குட்டி மாதிரி முனகின. பெண் பீவர் கூண்டு வாசலில் வெகுநேரம் உட்கார்ந்து மூக்கை ஆட்டியது. பிறகு வழுக்கிக்கொண்டு குளத்தில் இறங்கி மறைந்தது. குட்டிகள் பின்னாலேயே போயின. ஆண் கடைசி. இறங்கி ஒரு சுற்று நீந்தி, வாலால் தண்ணீரை ஓங்கி அறைந்தது. துப்பாக்கி வெடித்தது போலச் சத்தம். மோரக் தோள் குலுங்கியது. அவளுக்கும் அதுதான் தோன்றியிருக்க வேண்டும்.

அக்டோபர் முதல் வாரத்தில் ஒருநாள் கிரெய்க் எங்கள் கூடாரத்துக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"பெரியது ஒன்று திரும்பி வந்தது. ஆண். இன்று காலை சுட்டேன். மோரக்கிடம் நானே சொல்லிவிட்டேன்."

"மற்ற மூன்றும்?" என்று கேட்டேன்.

"இதுவரை வரவில்லை. வந்தால் சுடத்தான் வேண்டும். உங்களுக்குத் தெரியட்டும் என்று சொன்னேன்."

தண்டபாணி கேட்டுவிட்டுத் தட்டில் பழத்தை அடுக்கிக்கொண்டே இருந்தான். சாயங்காலம் வாய்க்கால் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தான். அந்த மாதம் முழுவதும் இருவரும் தினமும் ஒருமுறை வாய்க்காலைப் பார்த்தோம். வந்துவிடக் கூடாது என்று பார்த்தோம். மேலே மலையில் மேகம் இறங்கிவிட்டது. மோரக் வைத்திருந்த கேமராவில் மழையும் ஒரு கொக்கும்தான் பதிந்தன. தாயும் குட்டிகளும் இருக்கின்றனவா, வேறெங்காவது போய்ச் செத்தனவா, தெரியாமலே விசா முடிந்து கிளம்பினோம். பஸ் நிறுத்தம் வரை மோரக்தான் கொண்டுவந்து விட்டாள். பஸ் போய்விட்டிருந்தது. அடுத்தது வரும்வரை மூன்று பேரும் வேனுக்குள் உட்கார்ந்து ஒரு பொட்டலம் சிப்ஸ் தின்றோம்.

காஞ்சிபுரத்தில் நாங்கள் வந்து இறங்கியபோது மழைக்காலம் தொடங்கிவிட்டது. தண்டபாணி இரண்டு நாள் தூங்கிவிட்டுத் தறியில் உட்கார்ந்தான். அவன் இல்லாத ஆறு மாதத்தில் நெய்த சேலைகளை வசந்தா எடுத்துக் காட்டினாள். குற்றம் கண்டுபிடிக்க முயன்று தோற்றான்.

எனக்கு வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. வாலாஜாபாத் பஸ் பிடித்துத் தென்னேரிக்குப் போனேன். பஸ் வழியில் டயர் பஞ்சராகி நின்றது. "ஸ்டெப்னியும் பஞ்சருபா, பின்னாடி வண்டி வரும், ஏறிக்கோங்க" என்று சாவகாசமாகச் சொன்னார் கண்டக்டர். ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். ஏரி முக்கால்வாசி நிறைந்திருந்தது. கலங்கலில் இன்னும் வழியவில்லை. அங்கே நின்றிருந்தபோதுதான் செல்போனில் மோரக்கின் செய்தி வந்தது. இரண்டு படம், நாலைந்து வரி. முதல் படத்தைப் பார்த்ததும், இரண்டாவதைத் திறக்காமலே சாலைக்கு நடந்தேன். வரிகளைப் படிக்கப் போதிய ஆங்கிலம் என்னிடம் இல்லை. பேச்சுக்கு மட்டும்தான் இருக்கிறது.

நேராகத் தங்கை வீட்டுக்குப் போனேன். தண்டபாணியின் மகள் கீர்த்தனா அப்போதுதான் ஏனாத்தூரில் காலேஜ் முடிந்து வந்திருந்தாள். அவளிடம் போனைக் கொடுத்தேன். தறிச் சத்தம் நின்றது.

முதல் படத்தில் எங்கள் மூன்றாவது அணை. முளைகள் மட்டும் வரிசையாக நின்றன. ஒரு கிளை இல்லை. தண்ணீர் தாராளமாக நடுவே ஓடிக்கொண்டிருந்தது.

"அடப்பாவி" என்றாள் வசந்தா. "பாவு மட்டும் நிக்குது. நெய்யத் தெரிஞ்ச ஆளுங்க ரெண்டு பேர் போயி பண்ண வேலையா இது?"

"அதுல நான் கை வெக்கல. அமாவாசை" என்றான் தண்டபாணி. "படி கீர்த்தி."

"ஒன் மினிட்பா." அவள் உதட்டை அசைத்துப் படித்தாள். "'வருத்தப்படாதீர்கள். வெள்ளம் இல்லை'ன்னு போட்டிருக்காங்க. 'அம்மா பீவர் செய்த வேலை. உங்கள் அணையை ஒவ்வொரு குச்சியாக உருவி, கீழே இழுத்துக்கொண்டு போய், சொந்தமாக வேறு அணை கட்டியிருக்கிறாள். குட்டிகள் இரண்டும் கூட இருக்கின்றன. மற்ற இரண்டு அணைகளும் அப்படியே நிற்கின்றன. இந்தக் குளிர்காலம் இங்கேதான்.' அடுத்த ஃபோட்டோ பாருங்க மாமா, அதுதான் அது."

இரண்டாவது படத்தில் ஒரு கோணல் மேடு. சேறும் கல்லும் கிளையும் குவிந்து, வில் போல வளைந்து, எங்கள் முளைகளுக்கு இருபதடி கீழே. அதன் பின்னால் நாங்கள் தேக்கியதைப் போல இரண்டு பங்கு தண்ணீர். ஓரத்தில் ஈர முதுகோடு அது உட்கார்ந்திருந்தது. வாயில் ஒரு கிளை. தண்ணீரில் இரண்டு சின்னத் தலைகள்.

வசந்தா எட்டிப் பார்த்தாள். "இத்துக்காகவா ரெண்டு பேரும் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு வந்தீங்க? நல்லா குண்டாத்தானே இருக்குது."

தண்டபாணி போனை வாங்கிக்கொண்டான். கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் வைத்துப் படத்தைப் பெரிதாக்கினான். சேலையில் இழை பார்ப்பது போல அந்த மேட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நகர்த்திப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"இங்க ரெண்டு கரையும் கிட்ட வருது பாரு மச்சான். எடம் இதுதான். பத்து வாட்டி அந்த வழியா நடந்திருக்கோம், நம்ம கண்ணுக்குத் தெரியல."

"ஆமா."

"ஆம்பள பீவரு கொஞ்சம் பொறுத்திருக்கலாம்."

கீர்த்தனா போனைக் கேட்டுக் கையை நீட்டினாள். "அவங்களுக்கு ரிப்ளை போடட்டா? இன்னான்னு போட?"

தண்டபாணி தறிக்குழியில் காலை இறக்கினான். நாடாவைக் கையில் எடுத்தான். நின்றுபோன இடத்தில் ஒரு இழையைச் சரிபார்த்தான்.

"நான் நெய்த ரெண்டு அணையும் மேல அப்டியே நிக்குதே, அத்த யாரும் பிரிக்க வேணாம்னு சொல்லு" என்றான். "நல்ல குச்சியா பாத்துத்தான் போட்டுக்கிறேன். அதுக்கு வேணும்போது வந்து அவுத்துக்கட்டும்."